பந்தலுக்குப் பொருள் தேடிய பகல்

முன்னொரு காலத்தில் மல்லியங்காடு என்ற நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் புத்தி காற்றடித்த பக்கம் சாயும். அவனோடு மாரடித்தே மந்திரி தாண்டவராயருக்குப் பாதி ஆயுசு போயிற்று.

இளவரசிக்குக் கல்யாணம். அரண்மனை முற்றத்தில் பந்தக்கால் ஊன்ற ஆட்கள் மூங்கிலைத் தூக்கிப் பிடித்தாயிற்று. நல்ல நேரம் உச்சிவெயிலோடு முடிகிறது. தவறினால் கல்யாணமே தள்ளிப்போகும். மாப்பிள்ளை வீட்டாரோ சண்டைக்குச் சாக்குத் தேடுகிறவர்கள்.

அப்போது பார்த்து ராஜா கேட்டான்: "ஆமாம், இதற்குப் பந்தல் என்று ஏன் பேர் வந்தது?"

மந்திரி தலையில் அடித்துக்கொண்டார். அவர்மேல் பொறாமையில் வேகிற செவ்வந்திப் புலவர் விடுவாரா?

"அரசே, கட்டுவது பந்தம், அதிலிருந்து பந்தல் என்பார் சிலர். பழம்பாட்டிலோ பந்தர் என்றிருக்கிறது. ஆராய வேண்டும். பிறப்புத் தெரியாத பேரின் கீழே இளவரசி தாலி கட்டிக்கொள்வதா?"

"அதானே! பேர் பிறந்த கதை தெரியாத எதுவும் இனி இங்கே வேண்டாம்!"

"உத்தரவு" என்று பல்லைக் கடித்தார் மந்திரி. "டேய், அரசரின் குடையை மடக்கு. செருப்பையும் எடு."

"என்னய்யா இது?"

"குடை என்ற பேர் எப்படி வந்தது அரசே? செருப்பு?"

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கல்தளத்தில் ராஜா காலை மாற்றி மாற்றி வைத்தான். "தலைக்கு மேலே எதையாவது போடுங்களய்யா!"

"புலவர் ஆராயட்டும் அரசே."

புலவருக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆனால் அவருக்கு வழக்கமாக வரும் பகல் சாப்பாடு வந்து, நெய்யும் ஊற்றியானதும், மந்திரி இலையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சோறு என்ற பேர் பிறந்த கதையைச் சொல்லிவிட்டு உட்காரும்."

"பேர் எங்கே பிறந்தால் என்னய்யா! பசி உயிர் போகிறது, இலையை விடும்!" என்று கத்திவிட்டார் புலவர்.

ராஜாவின் முகம் சிவந்தது.

"அடப்பாவி! உன் வயிற்றுக்கு ஒரு நியாயம், என் மகளுக்கு ஒரு நியாயமா? தாண்டவராயரே, பந்தலுக்கு என்னதான் பொருள்?"

"தலைக்கு மேலே எதையாவது போடச் சொன்னீர்களே, அதுதான். பேருக்கு வேர் தேடுவதை நிழலில் உட்கார்ந்து செய்யலாம். நேரம் போகிறது அரசே!"

பந்தக்கால் ஊன்றினார்கள். ராஜா தன் கங்கணத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். புலவரைக் கீற்று வேய மேலே ஏற்றினான்.

நிழல் விழுந்ததும் ராஜா மோரோடு வந்து உட்கார்ந்து, அண்ணாந்து கேட்டான்: "புலவரே, பொருள் பிடிபட்டதா?"

"நன்றாகப் பிடிபட்டது அரசே. இறங்கட்டுமா?"