லைட்டுக்காரர் வீட்டு இருட்டு

ஒரு ஊர்ல ஒரு லைட்டுக்காரர் இருந்தாராம். அவரு பேரு சேவுகன். காலை எடு மொதல்ல, பெரியம்மா வயித்து மேல காலைப் போட்டா கதை எப்படி வெளிய வரும்? ஆங், அப்படிப் படு. நான் நிறுத்துற எடத்துல எல்லாம் "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நெனைச்சுக்கிட்டு நானும் தூங்கிப்புடுவேன், கதை நடுவழியில நிக்கும்.

"ம்."

லைட்டுக்காரர்னா யாரு? கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு எல்லாத்துக்கும் சீரியல் செட்டு போடுறவரு. சிங்கம்புணரிப் பக்கம் எங்க விசேஷம்னாலும் அவரைத்தான் கூப்பிடுவாங்க. வாசல்ல வாழை மரம் கட்டுறதுக்கு முன்னாடியே சேவுகன் ஏணியைச் சாத்திருவாரு. மயில் வேணுமா, மினுக் மினுக்குன்னு தோகை விரிக்கும். யானை வேணுமா, தும்பிக்கையைத் தூக்கி பல்பாலயே தண்ணி ஊத்தும். அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் பிடிக்காது. இருட்டு. எங்கயாவது ஒரு மூலை கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சாப் போதும், இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, "வெளிச்சம் பத்தலை"ன்னுவாரு. அங்க ஒரு பல்பு மாட்டுற வரைக்கும் மனுஷனுக்குச் சோறு எறங்காது.

அவரு பொஞ்சாதி பேரு மீனாள். மக பேரு தேனு. தேனு உன்னை விடக் கொஞ்சம் பெரிய பொண்ணு, உன்னை மாதிரியே கறிவேப்பிலையை எல்லாம் தட்டு ஓரத்துல ஒதுக்குறவ. சிரிக்காத, உன்னைத்தான் சொல்றேன்.

அந்தத் தேனுவுக்கு அவ மாமா மதுரையில இருந்து ஒரு ஹாம்ஸ்டர் கொண்டாந்து குடுத்தாரு. ஹாம்ஸ்டர் தெரியும்ல? எலியோட ஒண்ணுவிட்ட தம்பி. ஆனா வாலு இருக்கா இல்லையான்னே தெரியாது. உருண்டையா, கையில வெச்சா மெத்துன்னு இருக்கும். ரெண்டு கன்னத்துலயும் பை. சூரியகாந்தி விதையைக் குடுத்தா உடனே திங்காது, கன்னத்துக்குள்ள அமுக்கி அமுக்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போவும். தேனு அதுக்குச் சீடைன்னு பேரு வெச்சா. ஒரு கம்பிக் கூண்டு, உள்ள மரத்தூளு, ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப் பொட்டி, ஓடி வெளையாட ஒரு சக்கரம்.

"ம்."

கூண்டைக் கூடத்துல வெச்சாங்க. அந்த வீட்டுக் கூடத்துல ராத்திரியும் லைட்டு அணையாது. வந்த அன்னைக்குப் பொட்டிக்குள்ள போனதுதான், சீடை வெளியவே வரலை. சக்கரம் சும்மா நின்னுச்சு. வெச்ச கேரட்டு வெச்ச எடத்துலயே வாடிப்போச்சு. தேனு கூண்டுக்கு முன்னாடி குத்தவெச்சு, "சீடை, சீடை"ன்னு கூப்பிடுவா. மூக்கு நுனி மட்டும் வெளிய வரும், துறு துறுன்னு ஆடும், பொசுக்குன்னு உள்ள போயிரும். மாமா போறப்பவே சொல்லிட்டுப் போனாரு, "இது திங்காம கெடந்தா ரொம்ப நாள் தாங்காதும்மா"ன்னு. அதைக் கேட்டதுல இருந்து தேனுவுக்கும் சாப்பாடு இறங்கலை.

"ப்பா, சீடை ஏன்ப்பா வரமாட்டேங்குது?"

சேவுகன் வந்து குனிஞ்சு பாத்தாரு. இடுப்புல கையை வெச்சாரு.

"வெளிச்சம் பத்தலை"ன்னாரு.

மீனாள் சொன்னா, "என்னங்க, இருக்கறதே போதுங்க. கொஞ்சம் கொறைச்சுத்தான் பாப்பமே."

"லைட்டுக்காரன் வீட்டுல பேசுற பேச்சா இது?"

அப்புறம் ஒரு புது டியூப்லைட்டைக் கொண்டாந்து, கூண்டுக்கு நேர் மேல மாட்டுனாரு. ப்ளிங்க், ப்ளிங்க், ப்ளிங்க். பளீர். விடிய விடிய எரிஞ்சுது. காலையில எந்திரிச்சுப் பாத்தா, சீடை கூண்டுல இருந்த மரத்தூளை எல்லாம் இழுத்து இழுத்துப் பொட்டி வாசல்ல அடைச்சு வெச்சிருக்கு. கதவைச் சாத்திக்கிச்சு.

அப்போ சேவுகன் மறுபடியும் இடுப்புல கையை வெச்சாரு. என்ன சொல்லியிருப்பாரு, சொல்லு?

"வெளிச்சம் பத்தலை."

அதேதான். "வெறும் வெள்ளை வெளிச்சம் சின்ன ஜீவனுக்கு அலுத்திருக்கும்"னு சொல்லி, செவப்பு, பச்சை, நீலம்னு சீரியல் செட்டை எடுத்துக் கூண்டைச் சுத்தோ சுத்துன்னு சுத்துனாரு. உச்சியில ஒரு குட்டி மயில் வேற. ஸ்விட்ச்சைப் போட்டதும் பளிச் பளிச்சுன்னு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. தெருப் பிள்ளைங்க எல்லாம் ஓடியாந்து, "தேர் மாதிரி இருக்கு மாமா"ன்னுதுங்க. சேவுகனுக்கு மீசை துடிக்குது சந்தோஷத்துல. அப்பத்தான் சீடை வெளிய வந்துச்சு. எதுக்கு வந்துச்சு தெரியுமா? கம்பி வழியா மூக்கை நீட்டி, கறுக்குன்னு வயரைக் கடிக்கப் போச்சு. மீனாள் ஒரே தாவாத் தாவி ப்ளக்கைப் புடுங்குனா.

"போதுங்க. அதுக்குக் கண்ணு கூசுது போல."

"கூசறது இல்லை. நம்ம கரண்டு வெளிச்சம் ஒத்துக்கலை. காட்டுல மேட்டுல கெடந்த ஜீவன், அதுக்கு அசல் வெளிச்சம் வேணும்."

அவரு கெட்ட மனுஷன் இல்லைடா. தனக்கு எது உசத்தின்னு தெரிஞ்சுதோ, அதைத்தான் அள்ளி அள்ளிக் குடுத்தாரு. பாசம் வந்தா சில பேருக்குக் கண்ணு தெரியாது.

"ம்."

அப்புறம் அம்மன் கோயில் திருவிழா வந்துச்சு. திருவிழான்னா லைட்டுக்காரருக்கு ராத்திரி பூரா வேலை. எங்க வயர் அறுந்துச்சு, எங்க ஜெனரேட்டர் நின்னுச்சுன்னு ஓடிக்கிட்டே இருக்கணும். விடிஞ்சப்புறம் வீட்டுக்கு வந்தவரு, கண்ணு ரெண்டும் செவந்து போயி, அந்தத் தூக்கத்துலயும் கூண்டைத் தூக்கிக் கெழக்கு ஜன்னல்ல வெச்சாரு. இளவெயில் சுள்ளுன்னு கூண்டு மேல விழுந்துச்சு. "இப்ப வருவான் பாரு"ன்னு சொல்லிட்டுப் போயிப் படுத்துட்டாரு.

மீனாள் குழாயடிக்குப் போயிருந்தா. தேனு அவகூடவே கொடத்தைத் தூக்கிட்டுப் போயிருந்தா. அன்னைக்குத் தண்ணி சன்னமா வந்துச்சு, நேரமாயிருச்சு. வெயில் ஏறுது, ஏறுது, கம்பி எல்லாம் கொதிக்குது. திரும்பி வந்து பாத்தா சீடை பொட்டிக்கு வெளிய நாலு காலையும் பரப்பிக்கிட்டுப் படுத்துக் கெடக்கு. வயிறு மட்டும் புஸ், புஸ், புஸ்.

"அம்மா, செத்துடுமாம்மா?"

"சீடை செத்துடுமா பெரியம்மா?"

நீயுமா? இரு, மீனாள் இருக்காளே. அவ கூண்டைத் தூக்குனா. விரல் நுனியில தண்ணி தொட்டு அது வாய்கிட்ட வெச்சா. அது நக்குச்சு. குளுகுளுன்னு, இருட்டா ஒரு எடம் வேணுமேன்னு வீட்டைச் சுத்திப் பாக்குறா. லைட்டுக்காரர் வீடாச்சே, சமையக்கட்டுல பல்பு, மாடிப்படியில பல்பு, அலமாரிக்குள்ள கூட ஒரு பல்பு. ஒரே ஒரு எடந்தான் இருந்துச்சு. சேவுகன் தூங்குற ரூம்.

அந்த ரூமை இருட்டாக்குனது யாரு? மீனாள்தான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து, அவரு ராத்திரி வேலைக்குப் போயிட்டு வந்து படுக்குற அன்னைக்கெல்லாம் ஜன்னல்ல ஒரு போர்வையைக் கட்டுவா. கதவுக்கு அடியில வெளிச்சம் வராம பழைய சேலையைச் சுருட்டி வெப்பா. காலிங்பெல் வயரைக் கழட்டிருவா. குக்கர் விசில் அடிக்கக் கூடாதுன்னு சட்டியில சோறு வடிப்பா. மீன்காரம்மா கூட அந்த வீட்டைத் தாண்டுற வரைக்கும் கூவ மாட்டா, கையை மட்டும் ஆட்டிட்டுப் போவா. இது எதுவும் சேவுகனுக்குத் தெரியாது. தூங்குற மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

மீனாள் கூண்டைக் கொண்டுபோயி அவரு கட்டில் காலுக்குப் பக்கத்துல வெச்சா. கதவைச் சாத்துனா. அம்மாவும் மகளும் கதவுக்கு வெளிய உக்காந்துக்கிட்டாங்க. மத்தியானம் ரெண்டு பேரும் சாப்பிடலை. உள்ள இருந்து அவரு கொறட்டைச் சத்தம் மட்டும் கொர்ர், கொர்ர்.

"ம்..."

பொழுது சாஞ்சுது. சேவுகன் எந்திரிச்சு உக்காந்தாரு. கை தானா ஸ்விட்ச்சைத் தேடிப் போச்சு.

"போடாதீங்க"ன்னா மீனாள், கதவைத் தொறந்து உள்ள வந்து.

"விளக்கு வைக்கிற நேரம் மீனா. ரூமு இருட்டாக் கெடக்கே."

"கூடத்துல விளக்கேத்திட்டேன். இங்க வேணாம். செத்த நேரம் சும்மா உக்காருங்க."

அவ சொன்னதுல என்ன தெரிஞ்சுதோ, மனுஷன் கையை எடுத்துட்டாரு. தேனு வந்து அப்பா மடியில உக்காந்தா. மூணு பேரும் இருட்டுல இருக்காங்க. மொதல்ல ஒண்ணுமே இல்லை. தேனு மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருக்கா.

அப்புறம், சர... சர...

மரத்தூளுல யாரோ நடக்கறாங்க. அப்புறம் கூண்டுல மாட்டியிருந்த தண்ணிக் குழாய்ல டிக், டிக், டிக். அப்புறம் கேரட்டு, கொறு கொறு கொறு. தேனு அப்பா விரலை இறுக்கிப் புடிச்சா. அப்புறம் கேட்டுச்சு பாரு, கிறு கிறு கிறு கிறுன்னு சக்கரம். ஓடுது, ஓடுது, நிக்கவே இல்லை. தேனுவுக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னு மெதுவாக் கேட்டாரு சேவுகன்.

"எனக்கு எலியைப் பத்தி என்னங்க தெரியும்? வெயில்ல கெடந்ததை இருட்டுக்குக் கொண்டாந்தேன். கொண்டாந்தப்புறம்தான் உறைச்சுது. ராத்திரி முழிச்சு வேலை பாக்குறவங்களுக்கு என்ன வேணும்னு நான் உங்ககிட்ட பாத்ததுதானே."

அப்பத்தான் சேவுகன் நிமிந்து, கதவு இடுக்குல வந்த கூடத்து விளக்கு வெளிச்சத்துல ஜன்னலைப் பாத்தாரு. போர்வை. நைஞ்சு, ஓரம் கிழிஞ்சு, எத்தனையோ தடவை கட்டி அவுத்த முடிச்சோட. கீழ பாத்தாரு, சுருட்டுன சேலை. ஊரு பூரா அவரு போட்ட வெளிச்சத்தைப் பாத்துச்சு. மீனாள் போட்ட இருட்டை யாருமே பாக்கலை, அதுல படுத்துத் தூங்குன அவரே பாக்கலை. தேனு தலையைத் தடவிக்கிட்டே இருந்தாரு.

"ம்..."

அப்புறம் சீடையோட கூண்டு பின் ரூமுக்குப் போச்சு. பகல்ல ஜன்னல் வெளிச்சம் வரும், ஆனா வெயில் மேல படாது. பொழுது சாஞ்சா அந்த ரூமுல லைட்டு கெடையாது, தெனமும் அதே நேரத்துக்கு அணைச்சிருவாங்க. அது எப்ப பகல், எப்ப ராத்திரின்னு அதுக்குக் கொழப்பம் வரக் கூடாதுல்ல. சீடை ஓடுறதைத் தேனு பாக்கணுமேன்னு, சேவுகன் சீரியல்ல இருந்து ஒரே ஒரு சின்னச் செவப்பு பல்பைக் கழட்டி, தூரமா, சுவத்தைப் பாத்த மாதிரி வெச்சாரு. அவரு இதுவரைக்கும் போட்டதுலயே சின்ன லைட்டு அது. அதை மாட்டி முடிச்சுட்டு இடுப்புல கையை வெச்சாரு. தேனு பயந்துட்டா. "போதும்"னாரு.

திருவிழாக் கடைசி நாள், கோயில்ல அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துனாங்க. நல்ல கனமான ஜரிகைப் பொன்னாடை. விடிஞ்சதும் அதோடயே வீட்டுக்கு வந்தாரு. மீனாள் சமையக்கட்டுல இருந்தா. போயி அவ தோள்ல போட்டாரு.

"எதுக்குங்க இது?"

"ஊருக்கு வெளிச்சம் போட்டேன்னு எனக்குப் போட்டாங்க. எனக்கு இருட்டு போட்டவளுக்கு யாரு போடுறது? இத்தனை வருசம் நிம்மதியாத் தூங்கியிருக்கேன் மீனா. நான் உன்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை."

மீனாள் கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. அப்புறம் பொன்னாடை முனையை ரெண்டு விரலால புடிச்சுப் பாத்தா.

"நல்ல கெட்டித் துணிங்க"ன்னா.

விறுவிறுன்னு ரூமுக்குப் போனா. அந்தப் பழைய போர்வையை அவுத்தா. பொன்னாடையை ஜன்னல்ல கட்டி இழுத்து முடிச்சுப் போட்டா. ரூமு கும்முன்னு இருட்டாயிருச்சு, இதுக்கு முன்னாடி ஒரு நாளும் இல்லாத இருட்டு.

"இப்பப் படுங்க"ன்னு சொல்லிக் கதவைச் சாத்துனா.

சேவுகன் தூங்குனாரு. பின் ரூமுல சீடையும் சுருண்டுக்கிச்சு. கதையும் போத்திக்கிட்டுப் படுத்துருச்சு, நீயும் கண்ணை மூடு.

என்ன, "ம்" காணோம்?