கை தெரியாத கச்சேரி

"அக்கா, பத்து நாளா பாட்டே வரலை."

செல்போன் திரையில் சியாமளவல்லியின் கண் கலங்கியிருந்தது. ஊரடங்குக் காலம். அவள் பேர் பெற்ற பாடகி. குரு அபயாம்பாள் அவளைவிட ஆறே வயது மூத்தவர், அதனால் அக்கா.

"தொண்டையா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. வாயைத் திறந்தா கூசுது."

"என்ன ஆச்சு?"

"இன்டர்நெட் கச்சேரிக்கா. நான் வீட்டுல தனியா பாடிப் பதிவு பண்ணி அனுப்பினேன். மிருதங்கம் சபேசன் சார் அவர் வீட்டுல அதைக் கேட்டு வாசிச்சார். என் பொண்ணு ரெண்டையும் சேர்த்தா. ஒரு இடத்துல மிருதங்கம் ஒரு தட்டு பின்னாடி வந்துடுச்சு. எல்லாரும் அவரைத் திட்டுறாங்க. அடுத்த கச்சேரிக்கு வேற ஆளைப் போடுறாங்களாம்."

"பார்த்தேன்" என்றார் அபயாம்பாள். "உன் கை எங்கே?"

சியாமளவல்லி முந்தானை நுனியைக் கையில் எடுத்தாள்.

பாடுகிறவர் தொடையில் தாளம் போடுவார். மிருதங்கக்காரர் அந்தக் கையைப் பார்த்து வாசிப்பார். எந்த மேடையிலும் அப்படித்தான். இந்தப் படத்திலோ கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"நீதான் வெட்டச் சொன்னியா?"

"ஆமா. ஸ்வரம் பாடும்போது நான்தான் ஒரு தட்டு முன்னாடி வந்துட்டேன். கை தடுமாறினது படத்துல பளிச்சுன்னு தெரிஞ்சுது. திரும்பப் பாடியிருக்கலாம். ஆனா அன்னிக்கு ராகம் அப்படி அமைஞ்சிருந்தது, விட மனசு வரலை. கையை வெட்டிட்டுத்தான் அவருக்கே அனுப்பினேன்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவு இல்லை. வெட்கக்கேட்டில் இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது.

"ஒருத்தர் எழுதியிருந்தார், 'மிருதங்கம் சறுக்கியும் அம்மா சமாளிச்சுட்டாங்க'ன்னு. நான் அதுக்கு ஹார்ட் போட்டேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த ஹார்ட்டை நினைத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் என்ன பண்ணட்டும்க்கா? ஏதாவது பாட்டுச் சாதகம் சொல்லுங்க. விடியற்காலையில எழுந்து பண்றேன்."

செய்த காரியத்துக்குச் சாதகமாம்!

அபயாம்பாள் போனில் எதையோ அழுத்தினார். திரை மூன்றாகப் பிரிந்தது. மூன்றாவது கட்டத்தில் சபேசன், தோளில் துண்டோடு.

"நமஸ்காரம்மா" என்றார்.

சியாமளவல்லி குருவின் முகத்தைத் தேடினாள். அவர் தன் கேமராவை அணைத்துவிட்டிருந்தார்.

"சபேசன் சார்... தப்பு என்னோடது. நான்தான் முன்னாடி வந்தேன்."

"தெரியும்மா."

"எப்போ தெரிஞ்சுது?"

"வாசிச்ச அன்னிக்கே. திரும்பப் போட்டுக் கேட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, சார்?"

"பெரிய பாடகி, நீங்களே பார்த்து மாத்திடுவீங்கன்னு இருந்தேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெளியே வந்தப்புறம், சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்."