விசிறிக்குப் பக்கத்துக் குழாய்

"எனக்கு மட்டும் ஏம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்க?" என்று கேட்டாள் மதலேன்.

பிரகாசியம்மாள் சோள விதையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கரிசல் காட்டின் நடுவே பெண்கள் மட்டும் இருக்கும் ஆசிரமம் அது. பிரகாசியம்மாள்தான் குரு. மதலேனைவிட வயதில் சின்னவள். குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை அம்மா என்பாள்.

எங்கிருந்தோ வந்து அழுகிறவர்களோடு அம்மா பொழுது சாயும்வரை பேசுவாள். அம்மாவுக்குப் பக்கத்து அறையிலேயே பாய் போட்டுப் படுக்கும் மதலேனுக்குக் காலையில் ஒரு சிரிப்பு, இரவில் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். தன்னை அம்மாவுக்குப் பிடிக்கவில்லையோ என்ற பயம் அவளைத் தூங்க விடவில்லை.

"ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன். விதைப்பு முடிஞ்சதும் சாயங்கால பஸ் ஏறிருவேன்."

"சரிக்கா," என்றாள் குரு. "முதல்ல விதைச்சிருவோம். மேகம் கூடுது."

மதலேன் விதைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

விதைக்கும் மெஷின் புதிது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது. விசிறி ஊதும் காற்று, வரிசையாக இருக்கும் குழாய்கள் வழியே விதையை மண்ணில் கீறிய சாலுக்குக் கொண்டுபோகும். எந்தக் குழாய்க்கு எவ்வளவு காற்று என்பதை அதனதன் வாயிலுள்ள தகட்டைத் திருகி வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு மதலேனுடையது.

ஆசிரமத்துப் பந்தியில் குருவுக்கும் நேற்று வந்தவளுக்கும் ஒரே கரண்டி, ஒரே அளவு. பரிமாறுகிறவளும் மதலேன்தான். அதே கை, அதே நியாயம். எல்லாத் தகட்டையும் ஒரே அளவு திறந்து வைத்திருந்தாள்.

டிராக்டரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

விசிறிக்குப் பக்கத்துக் குழாயிலிருந்து விதை தெறித்துச் சாலுக்கு வெளியே விழுந்தது. விசிறிக்குத் தொலைவில் இருந்த கடைசிக் குழாய் விக்கி விக்கிக் கொஞ்சம் துப்பிவிட்டு அடைத்துக்கொண்டது.

ஆசிரமத்து டிராக்டரை ஓட்டும் சவேரி திரும்பிப் பார்த்தாள். "மைனாவுக்குப் பந்தி போடுதீங்களாக்கா?"

மதலேன் அடைப்பை எடுத்துவிட்டுக் காற்றைக் கூட்டச் சொன்னாள். கடைசிக் குழாய் சற்று மூச்சுவிட்டது. விசிறிக்குப் பக்கத்துக் குழாயோ விதையை வரப்புக்கே அனுப்பியது. குறைக்கச் சொன்னாள். கடைசிக் குழாய் மறுபடி அடைத்தது.

குரு வந்தாள். அடைப்பை மட்டும் தட்டிவிட்டாள். கடைசிக் குழாயின் தகட்டைத் தொடவில்லை. விசிறிக்குப் பக்கத்துக் குழாயின் தகட்டைத் திருகிப் பாதிக்கு மேல் மூடினாள்.

மதலேனுக்குப் பதறியது. "அம்மா, அது நல்லா ஓடுற குழாய்."

"அதனாலதான்."

கொஞ்ச நேரத்தில் கடைசிக் குழாயிலிருந்து விதை சீராக இறங்கத் தொடங்கியது. இந்தத் தடவை சவேரி மைனாவைக் கூப்பிடவில்லை. அதுவே அவள் பாராட்டு.

"மூடின குழாய்ல விதை குறைஞ்சிருச்சான்னு பாருங்கக்கா," என்றாள் குரு.

மதலேன் மண்டியிட்டுப் பார்த்தாள். விதையை அளந்து விடுவது விதைப் பெட்டிக்கு அடியில் சுற்றும் உருளை. கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் காற்றின் வேலை.

"குறையலம்மா."

"பின்ன என்ன மாறியிருக்கு?"

"முந்தி தெறிச்சு ஓடிச்சு. இப்ப..."

"இப்ப?"

மதலேன் இன்னும் குனிந்து பார்த்தாள். விதைகள் சாலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஒன்றுகூடத் துள்ளவில்லை.

"விழுந்த இடத்துல நிக்கு," என்றாள், மெதுவாக.

குரு கையைத் தட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். முதல் தூறல் விழுவதற்குள் முடித்துவிடலாம் போலிருந்தது.

"சாயங்கால பஸ் எத்தனை மணிக்குக்கா?"

மதலேன் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"எந்த பஸ்ஸும்மா?"