பெரியாத்தா அடிக்காத திருவிழா

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், புறா விறைத்த கழுத்தோடுதான் நடக்கும். உலக்கையை விழுங்கியவன் நடை என்று காக்கைகள் கேலி செய்யும்.

அப்போது வெண்மணல்பட்டணத்தின் நடுவில் ஒரு மணிக்கோபுரம் இருந்தது. அதில் மணி ஒன்றல்ல, இருபத்திரண்டு. சின்னது கைச்செம்பு அளவு. பெரியதற்குள் ஓர் ஆள் குந்தி உட்காரலாம். அந்தப் பெரிய மணிக்குப் பெரியாத்தா என்று பெயர். மணிகளுக்குக் கீழே ஓர் அறை, அதில் வரிசையாக மரப்பிடிகள். ஒரு பிடியை முஷ்டியால் குத்தினால் கம்பி இழுபட்டு, மேலே அதற்குரிய மணியின் நாக்கு அடிக்கும். ஞாயிறுதோறும் சாயங்காலம் தொம்மை அண்ணாவி அங்கே உட்கார்ந்து பாட்டு வாசிப்பார். ஊர் கீழே மைதானத்தில் பாய் விரித்துக் கேட்கும்.

முப்பது வருஷம் மணிகளுக்கடியில் உட்கார்ந்த காது என்ன ஆகும்? காதுக்குள்ளேயே கத்தினாலொழிய ஒன்றும் கேட்காமல் போயேவிட்டது. தொம்மை அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. செவிட்டு அண்ணாவியை எந்த ஊர் வைத்துக்கொள்ளும்? பெரியாத்தாவை அடித்தால் தரைப்பலகை அதிரும். உள்ளங்காலில் ஏறும் அந்த அதிர்வைப் பிடித்துக்கொண்டு மற்ற இருபத்தொரு மணிகளையும் தாளம் தப்பாமல் ஓட்டிவந்தார். கீழே இறங்கினால் வேறொரு வழி வைத்திருந்தார்; யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையை ஆட்டிவிடுவார். வாங்கிக்கொள்கிறீரா என்று கேட்டதற்கு அப்படி ஆட்டியதில்தான் பக்கத்து வீட்டுக்காரரின் கிழட்டுக் கழுதை அவர் வாசலில் வந்து நின்றது.

ஒரு திங்கட்கிழமை மாடப்புறா ஒன்று அறை ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. "அண்ணாவி, பெரியாத்தா நாக்குக்கு மேல உள்ள இடுக்குல முட்டை வச்சிருக்கேன். குஞ்சு பொரிக்கிற மட்டும் அவளை அடிக்காம இருப்பீரா?" என்று கேட்டது.

அலகு அசைவது அவருக்குத் தெரிந்தது. வழக்கம்போல் சிரித்துத் தலையை ஆட்டினார். புறா நிம்மதியாக அடைகாக்கப் போனது.

அந்த ஞாயிறு திருவிழா. மைதானம் கொள்ளாத கூட்டம். எப்போதும் பெரியாத்தாவை மூன்று தரம் அடித்துத்தான் பாட்டைத் தொடங்குவது. தொம்மை முஷ்டியை ஓங்கினார். புறா பாய்ந்து வந்து அந்தப் பிடியின்மேல் உட்கார்ந்துகொண்டது. விரட்டினார், போகவில்லை. தோளில் ஏறி, காதுக்குள் அலகை வைத்துக் கத்தியது.

"அன்னைக்குத் தலையை ஆட்டினீரே அண்ணாவி! என் முட்டை ரெண்டும் மேல இருக்கு!"

தொம்மை ஏணியில் ஏறிப் பார்த்தார். நாலு சுள்ளி, இரண்டு வெள்ளை முட்டை. ஓர் அடி போதும், இரண்டும் கீழே விழுந்துவிடும். அவருக்கு அவமானத்தில் முகம் சுட்டது.

"எனக்குக் காது கேக்காது தாயி. சொல்ல வெக்கப்பட்டு ஆட்டிட்டேன். இவளை அடிக்கலன்னா எனக்குத் தாளம் கெடையாது. இன்னையோட என் குட்டு வெளிப்பட்டுரும். இருந்துட்டுப் போகட்டும், அடிக்க மாட்டேன்" என்றார்.

இறங்கி வந்து, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டார். கீழே ஜனம் முணுமுணுக்கத் தொடங்கியது.

புறாவுக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி தோளில் ஏறிக் காதுக்குள் கத்தியது. "நான் இந்தக் கோபுரத்துலயே பொறந்தவ. உம்ம பாட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம். காதுக்குப் பதிலா கண்ணை வையும். என் கழுத்தைப் பார்த்து அடியும்."

ஜன்னல் திண்டில் நின்று தலையை ஆட்டிப் பார்த்தது. தாளம் தடுமாறியது. நடந்து பார்த்தது. காலுக்கு ஒரு கழுத்துவெட்டு, வெட்டுக்கு ஒரு கால், தாளம் கூடிவந்தது. திண்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் புறா நடக்க, அந்தக் கழுத்திலிருந்து கண்ணெடுக்காமல் தொம்மை வாசித்தார். முப்பது வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் வாசித்ததில்லை.

கீழே கருவாடு விற்கும் பிச்சியம்மா பக்கத்திலிருந்தவளை இடித்தாள். "என்னட்டி இது, இன்னைக்கு மணி இடிக்கவே இல்ல. பூனை மாதிரி நடக்குது."

இரண்டு வாரம் கழித்துக் குஞ்சுகள் பொரிந்தன. சிறகு முளைத்துப் பறக்கும் வரை பெரியாத்தா பேசவில்லை. அதற்குள் தொம்மை தானாகவே ஊரைக் கூட்டித் தன் செவிட்டைச் சொல்லிவிட்டார். ஊர் சிரித்தது. கழுதை உமக்கு எப்படி வந்தது என்று இப்போதுதான் புரிகிறது என்றார்கள். அண்ணாவியை மாற்றும் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. ஜன்னல் திண்டில் தினம் ஒரு பிடி கம்பு வைக்க மட்டும் ஏற்பாடு செய்தார்கள்.

அந்தப் புறா தன் குஞ்சுகளுக்கும், குஞ்சுகள் தங்கள் குஞ்சுகளுக்கும் அந்த நடையைச் சொல்லிக்கொடுத்தன. அன்று முதல்தான் எந்த ஊர்ப் புறாவும் நின்றால் சும்மா இருக்கிறது, நடந்தால் கழுத்தை வெட்டுகிறது. நாம் சொல்வதற்கெல்லாம் சரி சரி என்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிப் பொய்யாகத் தலையாட்டியவர் தொம்மை. புறா அவருக்காக இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.