பத்துமணிப் பூ வாய் மூடிய காரணம்

அந்தக் காலத்தில் செடிகளுக்குப் பூதான் வாய். பூ விரிந்தால் பேச்சு. மொட்டாக இருந்தால் மௌனம். எந்தச் செடியாக இருந்தாலும், தான் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடும்.

ஒருநாள் காலையில் மாடத்தி தண்ணீர் எடுக்கப் போனபோது, கிணற்றடியில் அதே ஊர்ப் பெண் பவளக்கொடி சிரித்துக்கொண்டே சொன்னது அவள் காதில் விழுந்தது.

"மாடத்தி மைனி வாசல்ல என்னத்தட்டி விளையும்? பாறையும் பல்லியுந்தான்."

மாடத்தி குடத்தை நிரப்பாமலே திரும்பிவிட்டாள். அவள் வீடு பாறைமேல் நின்றது. வாசலில் கைப்பிடி மண் கிடையாது. பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லவும் அவளுக்கு வராது.

மறுநாள் பவளக்கொடி தன் வாசல் செடியைக் கழித்து, தண்டுகளைக் குப்பைமேட்டில் கொட்டியிருந்தாள். கேட்டிருந்தால் நல்ல தண்டாகவே கொடுத்திருப்பாள். மாடத்தி கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாடிக்கிடந்த ஒரு தண்டை முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்தாள். விளிம்பு உடைந்த சட்டியில் ஆற்றுமணலைப் போட்டு ஊன்றினாள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். வேரே இல்லாத தண்டு நாலே நாளில் நிமிர்ந்தது. ஒரு மாதத்தில் சட்டி தெரியாமல் வழிந்தது.

ஒரு விடியலில் முதல் பூ விரிந்தது. விரிந்ததும் தெருவைப் பார்த்துக் கூவியது.

"நான் பவளக்கொடி வீட்டுச் செடி! குப்பையில கெடந்தேன். இந்த மாடத்திதான் தூக்கியாந்து..."

மாடத்தி ஓடிவந்து பூவைக் கையால் பொத்தினாள்.

"ஐயோ, சத்தம் போடாத தாயி! தண்ணிக்குப் போறவங்க எல்லாம் இந்த வழியாத்தான் வருவாங்க."

"உன்னைப் பெருமையாத்தானே சொல்லுதேன்?"

"வேண்டாம். கிணத்தடிக் கூட்டம் கலையுத வரைக்கும் வாயத் தொறக்காத. சாயங்காலம் அவங்க மறுபடி வாரதுக்குள்ள மூடிக்கிடு. எனக்காக."

பிழைக்கவைத்தவள் கேட்கிறாள். பூ வாயை மூடிக்கொண்டது.

பத்து நாள் கழித்து, காலையில் பவளக்கொடி குடம் இல்லாமல் வந்தாள். சட்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"மைனி, என் செடிய ஆடு வேரோட தின்னுட்டு. எங்கம்மா வீட்டுல இருந்து கொண்டாந்தது. அவளும் போய்ட்டா, இப்ப அதுவும் போச்சு. இதப் பார்த்தா அதே சாடையா இருக்கு. எங்க இருந்து வந்துச்சு?"

மொட்டுகள் நடுங்கின.

"எங்கண்ணன் மலையில இருந்து கொண்டாந்தான்."

"மலையா..." பவளக்கொடி ஒரு மொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள். "அன்னைக்குக் கிணத்தடியில உங்க வாசலப் பத்தி விளையாட்டாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க மைனி. இன்னைக்கே ஊரை விட்டுப் போறோம். கிழக்க, உப்பளத்து வேலைக்கு."

வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டிப் போகும்வரை மாடத்தி அசையவில்லை. அப்புறம்தான் ஒரு தண்டை ஒடித்துக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் புழுதி மட்டும் நின்றது. திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பூக்கள் எல்லாம் விரிந்து, "நான் பவளக்கொடி வீட்டுச் செடி" என்று ஆளில்லாத தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

"நாளையில இருந்து விடியும்போதே பேசு" என்றாள் மாடத்தி.

மறுநாள் விடிந்தது. மொட்டுகள் திறக்கவில்லை. வெயில் ஏறிய பிறகே விரிந்தன. விரிந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. கேட்க வேண்டியவள் போய்விட்டாள். பத்துமணிப் பூவுக்கு அந்தப் பெயரும், நேரம் கழித்து விரியும் பழக்கமும் அன்று முதல்தான்.

மாடத்தி தண்டுகளில் பாதியைக் கிள்ளி மடியில் கட்டினாள். கிழக்கே போகும் வண்டிப்பாதையில், கண்ணில் பட்ட ஓட்டைச் சட்டியிலும் சிரட்டையிலும் மண்ணை அள்ளிப் போட்டு, ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டே நடந்தாள்.