போர்டில் ஒரே ஒரு பெயர்

ஒன்பதாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடை வழக்கம்போலப் பிடுங்கிக்கொண்டார் கணக்கு வாத்தியார் தாமோதரன். பிள்ளைகள் கெஞ்சவும், வகுப்புத் தலைவி முத்தரசியைக் கூப்பிட்டார்.

"இன்னும் பத்து நிமிஷத்துல யார் பேசினாலும் அவங்க பேரை போர்டுல எழுது. யாரா இருந்தாலும் விடாதே! ஒரு பிள்ளை பேர் இருந்தாலும் விளையாட்டு கிடையாது. போர்டு காலியா இருந்தா நீ மறைக்கிறேன்னு அர்த்தம், அப்பவும் கிடையாது!"

சொல்லிவிட்டு, செல்போனில் மச்சானிடம் ஊர்க்கதை அளந்தார். வகுப்பு மூச்சுவிடவில்லை.

திரும்பிப் பார்த்தால் போர்டில் ஒரே பெயர்: தாமோதரன் சார். பக்கத்தில், பேசப் பேசப் போட்ட பெருக்கல் குறிகள். கடைசியில், 'அடங்கவில்லை'.

"என்ன திமிர்டி உனக்கு?"

"யாரா இருந்தாலும் விடாதேன்னீங்களே சார்" என்று முத்தரசி இன்னொரு குறி போட்டாள்.

மறுபடி வாயைத் திறந்தார். சாக்பீஸ் எழுந்தது. வாயை மூடிக்கொண்டு, மைதானத்தை நோக்கிக் கையை நீட்டினார். ஓவென்று பாய்ந்தது வகுப்பு!