மதலைமுத்துவின் இரண்டு கோப்புகள்

கொதிகலன் செய்யும் ஊர் ஒன்றில் மதலைமுத்து என்றொருவர் இருந்தார். பற்றவைத்த குழாய்களுக்குள் விரிசல் இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பது அவர் வேலை. கனத்த உலோகப் பெட்டி ஒன்றில் கதிர் குடியிருந்தது. அவருடைய சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருந்தது.

கதிர் சொல்லும்: "இரும்பா, எலும்பா என்று நான் பார்ப்பதில்லை. எதிரில் இருப்பதற்குள் புகுந்து போவேன். போன பிறகு யாரையும் நினைப்பதுமில்லை."

"நினைப்பதற்குத்தான் நான் இருக்கிறேன்" என்று பேட்ஜ் சொல்லும்.

ஆனால் பேட்ஜின் நினைவு மூன்று மாதம்தான். பிறகு அதைச் சூடாக்கி, அவர் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று படித்துக்கொள்வார்கள். சொல்லி முடித்த கையோடு பேட்ஜ் எல்லாவற்றையும் மறந்துவிடும். அது சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டது பச்சை அட்டை போட்ட ஒரு கோப்பு. வருடக்கணக்காக அது வாங்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் கம்பெனி மூடப்பட்டது. கோப்புகளைக் கட்டிக் கொட்டகையில் போட்டார்கள்.

"கம்பெனியே செத்துவிட்டது. இனி நம்மை யார் தேடப் போகிறார்கள்?" என்றது விடுப்புக் கோப்பு. கரையான் அரித்த மூலையை அது சரிசெய்யக்கூட இல்லை.

"செத்தது கம்பெனி. என் ஆள் உயிரோடு இருக்கிறார்" என்றது பச்சைக் கோப்பு.

மதலைமுத்து வேறு கம்பெனிக்குப் போனார். அழைத்துப் போன தரகர் வழியிலேயே சொல்லிவிட்டார்: "பழசையெல்லாம் வாயைத் திறந்து சொல்லிடாதீங்க. நிறைய கதிர் வாங்கின ஆளுன்னு தெரிஞ்சா சைட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. புது ஆளுன்னே இருக்கட்டும்."

மதலைமுத்துவின் மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். அவர் தலையை ஆட்டினார்.

அவருக்குப் புது பேட்ஜும் புதுக் கோப்பும் கிடைத்தன. புதுக் கோப்புக்குத் தன்னைப் பற்றி ஒரே பெருமை. "நம் ஆளைப் போலச் சுத்தமானவர் இந்த அலமாரியிலேயே கிடையாது. திறந்து பார், ஒரு கறை இருக்கிறதா?" என்று பேட்ஜிடம் சொல்லிக்கொண்டது.

அந்தப் பெருமை வினையாக வந்தது. ஒரு பெரிய கொதிகலனுக்குள் குனிந்து போய், நெருக்கமான இடத்தில் பல நாள் படம் எடுக்க வேண்டியிருந்தது. யாரை அனுப்புவது என்று மேலாளர் கோப்புகளைப் புரட்டினார். புதுக் கோப்பைப் பார்த்ததும், "இவர்தான் சரி. இவருக்கு இதுவரை ஒண்ணுமே படலை" என்றார்.

கதிர்ப் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்ட பரிமளம் அன்று மாலை வேலைத்தளத்துக்குப் போனாள். மதலைமுத்து கயிறு கட்டி ஆட்களை விலக்கினார், எச்சரிக்கை விளக்கைப் போட்டார், யாரும் சொல்லாமலே தூணுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"மளிகைக் கடையில மேடம்."

அவள் அறைக்குத் திரும்பிப் புதுக் கோப்பைத் திறந்தாள். "இவரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

இப்படி நேராக யாரும் அதைக் கேட்டதில்லை. புதுக் கோப்பு கொஞ்சம் தயங்கியது. "சுத்தமாக இருப்பது நான்தான் அம்மா. அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது."

மறுநாள் ஒரு வெல்டர் அவளிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: "மதலைமுத்து அண்ணனா? மூடின கம்பெனியில என் வெல்டிங்குக்கெல்லாம் அவர்தானே படம் எடுத்தாரு." பரிமளம் மூடின கம்பெனிக்குப் போய், காவலாளியிடம் சாவி வாங்கிக் கொட்டகையைத் திறந்தாள். தூசிக்குள் பச்சைக் கோப்பு கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். கூட்டி முடித்ததும் கோப்பை எடுத்துக்கொண்டு நேரே மேலாளரிடம் போனாள்.

கொதிகலன் வேலை மதலைமுத்துவுக்கு இல்லை என்றானது. அவர் நேரே அவளிடம் வந்தார்.

"என் வயித்துல அடிச்சிட்டீங்களே மேடம்."

"உங்களுக்கு எவ்வளவு பட்டிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே உள்ள அனுப்பச் சொல்றீங்களா அண்ணே?"

"உடம்பு என்னுது."

"உங்க உடம்பு மட்டும்னா நான் பேசாம இருந்திருப்பேன். வீட்டுல யாருமே இல்லையா?"



எடுத்த படங்களைப் பார்த்து விரிசலைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலையை அவருக்குக் கேட்டு வாங்கினாள் பரிமளம். சம்பளம் குறைவு, கதிர் வராத அறை. ஒரு வாரம் அவர் அவள் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு, பச்சைக் கோப்பைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தார்.

கோப்பு தன்னிடம் இருந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் அவர் விரலை வைத்தார்.

"இது கப்பல் வேலை. இவ்வளவா பட்டுச்சு?"

"இவ்வளவு. பேட்ஜ் சொன்னதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை."

"அன்னிக்கு எங்கூட செல்லையாவும் இருந்தான்."

"தெரியும். அவருடைய கோப்பு கொட்டகையில் எனக்கு அடுத்துதான் இருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது."

மதலைமுத்து நாற்காலியில் சாய்ந்தார். "செல்லையா போயிட்டான். ரத்தத்துல வியாதி. எந்தக் கம்பெனியில எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. நஷ்ட ஈடு ஆபீஸ்லயும் அதையேதான் கேட்டாங்க. அவன் சம்சாரம் எல்லார்கிட்டயும் தெரியாது, தெரியாதுன்னு சொல்லிட்டு வந்தா."

"அவர் மனைவி இருக்கிறாரா?"

"இருக்கா. ரெண்டு தெரு தள்ளி."

"அப்படியானால் அந்தக் கோப்புக்கு இன்னும் ஆள் இருக்கிறார்" என்றது பச்சைக் கோப்பு.

மதலைமுத்து எழுந்து பரிமளத்தின் அறைக்குப் போனார்.

"அந்தக் கொட்டகைச் சாவியை இன்னொரு தடவை வாங்கித் தரணும் மேடம்" என்றார். "இந்தத் தடவை நானும் வர்றேன்."